முதல் மனை வாங்கும்போது "எனக்கு இது புதுசு" என்று யாரிடம் சொல்வது?

முதல் தடவையாக நிலத்திலோ வீட்டிலோ பணம் போடப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இடத்தைப் பற்றித்தான். கூடுவாஞ்சேரியா திருவள்ளூரா, மனையா அடுக்குமாடியா, இப்போதே வாங்குவதா இரண்டு வருடம் பொறுப்பதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. புரோக்கர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, சாதாரணமாகப் பேசுகிற மாதிரியே, "சார் இதுக்கு முன்னாடி எங்கயாவது இடம் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? அங்கே நின்றுகொண்டு யோசித்தால் வாயில் வருவது பொய்யாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது.

நான் பார்த்தவரை புதியவர்கள் நான்கு வழியில் ஒன்றில்தான் போகிறார்கள். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வது ஒன்று. புதியவன் என்று நேரடியாகச் சொல்லிவிடுவது இன்னொன்று. விவரம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்பது மூன்றாவது. நாலாவது, நிலம் பத்திரம் என்ற வேலையே இல்லாமல் பெரிய கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளையின் யூனிட்டுகளைப் பங்குச் சந்தையில் வாங்கும் ரீட் மாதிரி ஒன்றில் பணம் போடுவது. இதில் முதல் மூன்றையும் நானே செய்திருக்கிறேன், நாலாவதில் இப்போதும் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். எது யாருக்குச் சரிவரும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், மற்ற மாநிலங்களில் கட்டணமும் நடைமுறையும் வேறு.

2018-ல் செங்கல்பட்டைத் தாண்டி ஒரு லேஅவுட் பார்க்கப் போனேன். புரோக்கர் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டார். "ரெண்டு மூணு இடம் பார்த்து முடிச்சிருக்கேன்" என்றேன். புதியவன் என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம், வேறொன்றும் இல்லை. அதற்கப்புறம் அவர் என்னிடம் எதையும் விளக்கவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "உங்களுக்குத் தெரியாததா சார்" என்று சேர்த்துக்கொண்டார். "பஞ்சாயத்து அப்ரூவ்டு, உங்களுக்குத் தெரியாததா." நான் தலையாட்டினேன். ஊராட்சி மன்றம் தானாக ஒரு லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்க முடியாது, டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும், சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவு போட்டதும், 2016 அக்டோபர் 20 என்ற தேதியை வைத்துத்தான் அதற்கு முந்தைய மனைகளை முறைப்படுத்திக்கொள்ள (வரன்முறை) வாய்ப்புக் கொடுத்தார்கள் என்பதும் தெரியாது. செய்தித்தாளில் வந்த விஷயங்கள்தான், நாம் வாங்கப் போகும்வரை நம் கண்ணில் படாது.

டோக்கன் அட்வான்ஸ் என்று 75,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. ரெண்டு மூணு இடம் வாங்கிய ஆள் டோக்கனுக்கு ரசீது கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015-லேயே சொல்லிவிட்டது, அதுவும் எனக்குத் தெரியாத கணக்கில்தான் இருந்தது. ஆறு வாரம் கழித்து அந்த மனையைப் பதிவே செய்ய முடியாது என்று தெரியவந்தபோது, திரும்பி வந்தது 20,000. மீதிக்கு அலைந்து அலைந்து விட்டுவிட்டேன். 55,000 ரூபாய் போனது அப்போது எங்கள் வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை, என் மனைவியின் சீட்டுப் பணம் அது.

நடிப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். தெரிந்த ஆளுக்கு ஒரு விலை, தெரியாத ஆளுக்கு ஒரு விலை என்பது நம் ஊரில் உண்மை. பேரம் பேசும் மேசையில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதில் கொஞ்சம் பலன் இருக்கலாம். ஆனால் அந்தப் பலன் சதுர அடிக்கு ஐம்பதோ நூறோதான். நடிப்பதற்குக் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது: கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாமல் போகிறது.

இதில் சட்டமும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 55-ஆவது பிரிவு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் என்னென்ன கடமை என்று சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ உள்ள, விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் தானாகவே சொல்ல வேண்டும். சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்கக்கூடியதை அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதே பிரிவின் அடுத்த இரண்டு வரிகளைப் பாருங்கள். உரிமைப் பத்திரங்களைக் காட்டுவது வாங்குபவர் கேட்டால். சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்வது வாங்குபவர் கேட்ட கேள்விகளுக்கு. நாம் கேட்டால்தான் அந்தக் கடமைகளுக்கு உயிர் வருகிறது. தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவர், சட்டம் தனக்காக வைத்திருக்கும் கதவைத் தானே சாத்திவிடுகிறார். இதை நான் படித்தது 2018-க்கு ரொம்ப நாள் கழித்து, படித்த அன்று மனசு கனத்துப்போனது.

இரண்டாவது தடவை 2022-ல். மறைமலை நகர் பக்கம், 1,200 சதுர அடி, மறுவிற்பனை மனை. இந்த முறை கேள்வி வந்தவுடன் சொல்லிவிட்டேன்: "இதுதான் முதல் தடவை. எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனால வக்கீல் பேப்பரைப் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு ரூபாயும் கொடுக்கமாட்டேன்." "தெரியாது" என்பதும் "கொடுக்கமாட்டேன்" என்பதும் சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. "தெரியாது" என்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அடுத்த நிமிடம் "நான் பார்த்துக்கறேன் சார், நீங்க கவலையே படாதீங்க" என்று எதிரில் இருப்பவர் பொறுப்பை எடுத்துக்கொள்வார், பொறுப்பு அவரிடம் போனதும் வேகமும் அவர் கைக்குப் போய்விடும். தெரியாது, ஆகவே இப்படித்தான் செய்வேன் என்றால் பேச்சு வேறு மாதிரி போகிறது.

உடனே எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். புரோக்கர் பேச்சில் அவசரம் கூடியது. நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது, அவர்கள் முழுப் பணத்தோடு வருகிறார்கள், வக்கீலுக்கு இரண்டு வாரம் என்றால் இடம் நிற்காது என்றார். விலையிலும் அவர் இறங்கவில்லை. பிற்பாடு அதே தெருவில் வேறொருவர் என்னிடம் சொன்ன விலையைவிடக் குறைவாக வாங்கியது தெரியவந்தது. புதியவன் என்று சொன்னதால்தான் எனக்கு அந்த விலை சொன்னார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அந்தச் செலவு இருக்கும் என்று எடுத்துக்கொண்டே இந்த வழியில் போக வேண்டும் என்பது என் கருத்து.

அந்தச் செலவுக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். வக்கீல் ஒரு பெரியவர், தாம்பரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. "ஐயா, எனக்கு வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பதென்றே தெரியாது" என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார வைத்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். வில்லங்கச் சான்று என்பது பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாதது அதில் வராது. ஒருவர் இறந்துபோனது வராது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வராது. "வில்லங்கம் இல்லை" என்று வந்தால் ஒன்றுமே பிரச்சினை இல்லை என்று நான் நினைத்திருந்தேன், புதியவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவர் தாய்ப்பத்திரத்தை, அதாவது முன்பு இந்த மனையை வாங்கிய மூலப் பத்திரத்தை எடுத்து, 1994-ல் வாங்கியவர் பெயரைக் காட்டி, இவர் இப்போது இருக்கிறாரா என்று கேட்டார். இறந்துவிட்டார், விற்பவர் அவருடைய மகன். உயில் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் வாரிசுச் சான்றை வாங்கி வா என்றார். அதில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று நாலு பேர். தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு, மகள் கல்யாணமாகிப் போனாலும் பங்கு பங்குதான். தாயும் தம்பியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகளுடைய கையெழுத்தைக் காணோம்.

விற்பவரிடமே கேட்டேன். எந்தத் தந்திரமும் செய்யவில்லை, "எனக்கு இது புதுசு, வக்கீல் கேட்கச் சொன்னார், உங்க தங்கச்சி கையெழுத்து ஏன் இல்லை?" என்றேன். அவர் மறைக்கவே இல்லை. தங்கை துபாயில் இருக்கிறார், வர முடியவில்லை, தவிர கொஞ்சம் மனஸ்தாபமும் உண்டு என்றார். யாரும் கேட்கவில்லை அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மனையை நான் வாங்கவில்லை. நடித்திருந்தால் வாங்கியிருப்பேன், நாலில் ஒரு பங்கு அந்தத் தங்கையுடையதாகவே இருந்திருக்கும், அவர் பின்னால் வழக்குப் போட்டிருக்கலாம்.

சொல்லிவிடுவது என்ற வழியில் ஒரு திருத்தம் உண்டு. புதியவன் என்பது வேறு, உங்கள் நிலைமை என்பது வேறு. அனுபவமில்லை என்பதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கையில் எவ்வளவு இருக்கிறது, பிஎஃப் பணம் எப்போது வந்தது, ஊரில் விற்ற நிலத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குள் வாங்கியாக வேண்டுமா, வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த கார்னர் மனையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டதா, இதெல்லாம் வக்கீலுக்கும் வங்கிக்கும் வீட்டுக்குமான பேச்சு. புரோக்கரிடம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யும் இல்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். காரில் போகும்போதே மொத்தக் கதையையும் கொட்டிவிட்டு, அப்புறம் விலை இறங்கவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். புரோக்கர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

புது லேஅவுட்டோ புது அடுக்குமாடியோ என்றால் புதியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. 2016-ல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் என்றால் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அதில் விற்றுக் கொடுக்கும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இதையெல்லாம் நிமிர்ந்து நின்று கேட்கலாம். "ரெரா நம்பர் கொடுங்க, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கறேன்" என்பது புதியவர் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி, அதற்குக் கோபப்படுகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இனி மூன்றாவது வழி. "மாமா பார்த்துப்பார்." எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார், தொண்ணூறுகளில் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் அரை கிரவுண்டு ஒரு கிரவுண்டு என்று வாங்கிப்போட்டு, பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதர். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மண்ணைப் பார்த்து, சுற்றியுள்ள மரங்களைப் பார்த்து, மழைக்கு இங்கே தண்ணீர் நிற்கும் என்று சொல்வார், அப்படியே நிற்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணின் மதிப்பு தெரியும். அந்த அறிவு எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

ஆனால் அவருடைய அனுபவம் அந்தக் காலத்து அனுபவம். பவர் பத்திரத்தை வைத்தே இடம் கைமாறிய காலம் அது. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலமாக மட்டும் சொத்துரிமை கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்புறம் 2016 தடை, ரெரா, இணையத்தில் பட்டா, இணையத்தில் வில்லங்கச் சான்று. மாமாவுக்கு இதில் பாதி தெரியும், பாதி தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று மருமகன் முன்னால், அதுவும் புரோக்கர் முன்னால், அவரால் சொல்ல முடியாது. அவரை இடைமறித்துக் கேட்க நம்மாலும் முடியாது. ஆக, நடிப்பவர் ஒருவராக இருந்தது போய் இரண்டு பேராகிவிடுகிறோம். நான் மாமாவை அழைத்துப் போன ஒரு தடவை, பட்டாவில் விற்பவர் பெயரோடு வேறு இரண்டு பெயர்களும் இருந்தன. "கூட்டுப்பட்டாதான், அப்புறம் உட்பிரிவு பண்ணிக்கலாம்" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க எவ்வளவு நாள், யார் யார் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

மாமாவை அழைத்துப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலத்தைப் பார்க்க அழைத்துப் போங்கள். முதல் நாளே, வீட்டில் காபி குடிக்கும்போது, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "மாமா, இடம் எப்படின்னு நீங்க சொல்லுங்க. பேப்பரை வக்கீல்கிட்ட கொடுத்துடறேன், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, கத்துக்கணும்." அவரும் மனம் கோணமாட்டார்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம், அடுத்தவர் பணம். தன் பணத்தில் மனை வாங்குகிறவர் நடித்தால் நஷ்டம் அவர் குடும்பத்தோடு நிற்கும். ஆனால் புதியவர்கள் பலர் தனியாகத் தொடங்குவதில்லை. மச்சான் அஞ்சு, ஆபீஸ் நண்பர் அஞ்சு, நான் பத்து, சேர்ந்து ஒரு இருபது லட்சத்தில் வாங்கிப்போடலாம், மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும் என்று பேச்சு தொடங்கும். முன்னால் நின்று பேசுகிறவருக்கு அனுபவம் இருக்கிறது என்று மற்றவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார், திருத்தாமல் விட்டிருப்பார். என்னைப் பொறுத்தவரை இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, முதல் வழியைவிட மோசம். நான் தங்கச்சி வீட்டுக்காரரிடம் ஒரு முறை இப்படிப் பணம் கேட்கும் அளவுக்குப் போனேன். கேட்பதற்கு முந்தின நாள் இரவு, அவர் ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். "மச்சான், நீங்க இதுவரைக்கும் எத்தனை இடம் வித்திருக்கீங்க?" விற்றது பூஜ்யம். வாங்கிப் பதிவு செய்ததும் பூஜ்யம். நான் பேசவே இல்லை.

அப்படியே பங்குக்கு வாங்குவதென்று முடிவானால், பணம் கைக்கு வருவதற்கு முன் சொல்ல வேண்டியவை சில உண்டு. "நான் இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை" என்பது முதலாவது. 20 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000 ரூபாய் முதல் நாளே போய்விடும். கமிஷனும் வக்கீல் செலவும் சேர்த்தால் விலை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். மனையிலிருந்து மாத வருமானம் எதுவும் வராது. நடுவில் ஒருவருக்குப் பணம் வேண்டுமென்றால் உடனே விற்க முடியாமல் போகலாம். பங்கு போட்ட எல்லாருடைய பெயரும் பத்திரத்தில் வர வேண்டும், "இப்போதைக்கு என் பேர்ல இருக்கட்டும்" என்பது நேர்மையானவர்களுக்கும் ஆபத்தான ஏற்பாடு, நாளைக்கு அந்த ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர்கள் கையில் ஒன்றும் இருக்காது. எல்லார் பெயரும் வந்தால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு, கூட்டு உரிமையாளர் எவரும் தன் பங்கை வேறொருவருக்கு விற்கலாம், பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம். இதையெல்லாம் கேட்ட பிறகும் மச்சான் பணம் தருகிறார் என்றால் அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் உறவாவது மிஞ்சும்.

நிலம் தருகிறேன் என்று ஊரில் பணம் திரட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிஏசிஎல் நிறுவனத்தின் கதையைப் பார்க்கலாம். 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014 ஆகஸ்டில் உத்தரவு போட்டது, பணம் கட்டியவர்கள் கணக்கில் வந்தது 5.85 கோடிப் பேர். முகவர்கள் வழியாகத்தான் அத்தனை பணமும் சேர்ந்தது. தான் சரிபார்க்காத ஒன்றைத் தெரிந்த முகம் என்பதற்காக அடுத்தவரை நம்பவைப்பது, அளவில் சின்னதாக இருந்தாலும், அதே பாதைதான் என்று நினைக்கிறேன்.

நாலாவது வழி ரீட். பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வைத்திருக்கும் அறக்கட்டளை, அதன் யூனிட்டுகள் பங்குச் சந்தையில் விற்கின்றன. செபி 2014-ல் விதிமுறை கொண்டுவந்தது, இந்தியாவின் முதல் ரீட்டான எம்பசி 2019-ல் பட்டியலானது, அப்புறம் மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, 2023-ல் நெக்ஸஸ். சொத்து மதிப்பில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருகிற இடங்களில் இருக்க வேண்டும், பகிரக்கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு யூனிட்கூட வாங்கலாம், சில நூறு ரூபாய் போதும். வடபழனி விஜயா மாலில் நாம் சினிமா பார்த்துவிட்டு வருகிறோமே, அது நெக்ஸஸ் கையில் உள்ள சொத்துகளில் ஒன்று.

இதில் நடிக்க ஆளே இல்லை, எதிரில் யாரும் இல்லை. தாய்ப்பத்திரம் இல்லை, தங்கச்சி கையெழுத்து இல்லை, 9 சதவீதச் செலவும் இல்லை, பணம் வேண்டுமென்றால் சந்தை திறந்திருக்கும் நேரத்தில் விற்கலாம். 60 லட்சத்துக்கு அடுக்குமாடி வீடு வாங்கி மாதம் 15,000 வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம், அதிலும் பராமரிப்பு, வரி, காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழியும். வாடகை வருமானம்தான் வேண்டும் என்றால் ரீட்டை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். விலை இறங்கும் என்பது உண்மை, பங்குச் சந்தையில் இருக்கும் எதுவும் இறங்கும். இன்னொன்றும் உண்டு: பத்து வருடம் ரீட்டில் இருந்தாலும் ஒரு வில்லங்கச் சான்றைப் படிக்கத் தெரியாமலே இருப்பீர்கள். வீடு கட்டிக் குடியேறவோ பிள்ளைக்கு என்று ஒரு இடம் வைத்திருக்கவோ ஆசைப்படுகிறவருக்கு அது பதில் ஆகாது.

யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். கையில் இரண்டு மூன்று லட்சம்தான், வார நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய நேரமில்லை என்றால் ரீட், அது போதும். சொந்தப் பணம் இருக்கிறது, ஆறு மாதம் பொறுக்கவும் முடியும் என்றால் இரண்டாவது வழி, புரோக்கர் அழைத்து வராத, நீங்களே தேடிப் பிடித்த ஒரு வக்கீலோடு. அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களில் பேரம் பேச வேண்டாம். வங்கிக் கடன் தேவையில்லை என்றாலும் வங்கியில் ஒரு முறை காட்டிப் பாருங்கள், அவர்களுடைய வக்கீலும் பார்த்துவிட்டுக் கடன் தர மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். மாமா மண்ணைப் பார்க்கட்டும். பங்குக்கு வாங்குவது முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம், நீங்களே ஒரு இடத்தை வாங்கி, பட்டா மாற்றி, முடிந்தால் விற்றும் பார்த்த பிறகு யோசிக்கலாம். நடிப்பது யாருக்கும் வேண்டாம்.

என் சித்தப்பா மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் பக்கம் மனை பார்க்கப் போகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், ஒரு தாளில் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டான்: தாய்ப்பத்திரம் எந்த வருடத்தில் இருந்து இருக்கிறது, வாங்கியவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா, பட்டா யார் பெயரில், டிடிசிபி எண் என்ன, ரெரா எண் என்ன, போன மழைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது. கடைசியில், "அண்ணா, இவ்வளவையும் படிச்சுக் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்களே" என்றான். கண்டுபிடிக்கட்டும், தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேள் என்றேன். போனில் ஜிபே இருப்பதால் டோக்கன் அனுப்ப அரை நிமிடம் போதும், அதனால் அங்கே நின்றுகொண்டு யாருக்கும் பணம் அனுப்பமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான்.